தாரகை கத்பர்ட், பெல்லார்மின், டென்னிஸ்: நம்ம குமரி மாவட்டத் தலைவர்களின் பெயர் வெளியே எப்படிக் கேட்கிறது?

நாஞ்சிலான் (இழையைத் தொடங்கியவர்)

2024 ஜூனில் விளவங்கோடு இடைத்தேர்தல் முடிவு வந்தபோது அலுவலகத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 'தாரகை கத்பர்ட்' என்று வந்ததும் பக்கத்து மேசை நண்பர், மதுரைக்காரர், "இவங்க ஆங்கிலோ இந்தியனா?" என்று கேட்டார். கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்டார். எங்கள் ஊரில் ஒரே தெருவில் கத்பர்ட், பெனடிக்ட், எட்வின், ஜாண்றோஸ் எல்லாரும் இருப்பார்கள் என்றேன். "சரி, ஆனா மாநிலம் முழுக்க முன்னால நிறுத்துற ஒரு தலைவருக்கு இப்படிப் பேர் இருந்தா எடுபடுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. நம்ம கன்னியாகுமரி (முன்பு நாகர்கோவில்) மக்களவைத் தொகுதியில் வென்றவர்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். நேசமணி, தாணுலிங்க நாடார், காமராஜர், குமரி அனந்தன், 1980 முதல் 1999 வரை டென்னிஸ், அப்புறம் பொன். ராதாகிருஷ்ணன், 2004-ல் பெல்லார்மின், 2009-ல் ஹெலன் டேவிட்சன், மறுபடி ராதாகிருஷ்ணன், வசந்தகுமார், விஜய் வசந்த். இத்தனை விதமான பெயர்களை ஒரே தொகுதி அனுப்பியிருக்கிறது. உள்ளூரில் இதில் எதுவும் யாருக்கும் புதுசாகத் தோன்றவில்லை. ஆனால் மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழி தாண்டியதும் பாதிப் பெயர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டில் ஒபாமா, கமலா ஹாரிஸ் பெயர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். நம்ம வீட்டுக்குள் என்ன நடக்கிறது? அரிதான பெயர், ஒரு கூட்டத்துக்கே உரிய பெயர், தலைவருக்குச் சுமையா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

முட்டம் கடலோடி

முதலில் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல்தான் பாதி ஆச்சரியம். 1544-ல் சவேரியார் இந்தக் கடற்கரையில் திருமுழுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் ஊர்களில் புனிதர் பெயர்தான். எல்லாரும் அந்தோணி, சவேரியார், மரியதாஸ், சூசை என்று வைத்தால் ஒரு ஊரில் நாற்பது அந்தோணி இருப்பான். வலைக்காரனுக்குப் பங்கு பிரிக்கும்போது எந்த அந்தோணி என்று குழப்பம் வரும். அதனால் பிள்ளை பிறந்த நாளுக்கு எந்தப் புனிதர் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு, காலண்டரில் இருக்கிற பெயரை வைப்பதும் உண்டு. கத்பர்ட் ஏழாம் நூற்றாண்டு இங்கிலாந்துத் துறவி. பெல்லார்மின் இத்தாலியக் கர்தினால். எங்கோ இருந்தவர்கள் பெயரெல்லாம் இங்கே வந்து, இங்கே உள்ள வாயில் உருமாறி, இங்கே உள்ளவர்களின் பெயர் ஆகிவிட்டது.

லூர்தம்மாள் சைமனை யாரும் இன்னும் சொல்லவில்லை. 1957-ல் குளச்சலில் ஜெயித்து காமராஜர் அமைச்சரவையில் மீன்வளத்துக்கும் உள்ளாட்சிக்கும் அமைச்சராக இருந்தார். கடற்கரையில் பிறந்த ஒரு பெண், அந்தக் காலத்தில். லூர்து எங்கோ பிரான்சில் இருக்கிற ஊர். ஆனால் எங்கள் பக்கத்தில் 'லூர்தம்மாள்' என்றால் மீன் சந்தையில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சென்னைக் கோட்டையில் அந்தப் பெயர் பலகையில் ஐந்து வருஷம் இருந்தது. பெயரால் எதுவும் நின்றுவிடவில்லை.

தக்கலைத் தமிழன்

அண்ணே சொல்வது சரிதான். இன்னொன்று சேர்க்கிறேன். 'தாணு' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தெரிந்தவர்களுக்கு அது வீட்டுப் பெயர். தஞ்சாவூர்ப் பக்கம் போய்ச் சொன்னால் திரும்பக் கேட்பார்கள். ஆக, அரிதான பெயர் என்றால் உடனே கிறிஸ்தவப் பெயர் என்று எண்ணிக்கொள்வதே தப்பு. தெற்குத் திருவிதாங்கூருக்கென்றே சில இந்துப் பெயர்கள் இருக்கின்றன.

1954-ல் நம்மை திருவிதாங்கூர்-கொச்சி என்ற மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று நின்ற முதலமைச்சர் பட்டம் தாணுப் பிள்ளை. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது அவருடைய ஆட்சியில், ஆகஸ்ட் 11 அன்று. எதிர்ப்பக்கம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் நேசமணியோடு நின்றவர்களில் தாணுலிங்க நாடார் ஒருவர். இரண்டு பேர் பெயரிலும் அதே தாணு. ஒரு கிறிஸ்தவர் நேசமணி பின்னால் இந்துக்களும் முஸ்லிம்களும் திரண்டு நின்றுதான் 1956 நவம்பர் 1 அன்று நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பெயரைப் பார்த்து அணி பிரித்திருந்தால் அந்த இணைப்பே நடந்திருக்காது.

குழித்துறை மாறன்

நல்ல வார்த்தைதான், ஆனால் பழைய காலத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காடு கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ஒரு வேட்பாளர் பெயரை அறிவித்த உடனே டீக்கடையில் முதல் கேள்வி "ஆளு எந்தப் பக்கம்?" என்பதுதான். பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அப்பா பெயரைக் கேட்பார்கள். அதிலும் தெரியாவிட்டால் ஊரைக் கேட்பார்கள்.

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. இப்படிக் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாக இருக்கிற இடத்தில் எந்தக் கட்சியும் பெயரைப் பார்க்காமல் சீட்டு கொடுப்பதில்லை. பூத் வாரியாகக் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் பக்கத்து வார்டில் உள்ளாட்சித் தேர்தலின்போது ஒரு கட்சிக்காரர் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயருக்குப் பெயர் இரண்டு நிற மையில் குறி போட்டதை என் கண்ணால் பார்த்தேன். 'ராஜன்', 'தங்கராஜ்', 'செல்வி' என்ற பெயர்கள் வந்த இடத்தில் மட்டும் கை நின்றது. இரண்டு பக்கமும் இருக்கிற பெயர்கள் அவை. பக்கத்தில் இருந்தவரிடம் "இது யாரு வீடு?" என்று கேட்டுத்தான் குறி போட்டார்.

இதுதான் நடப்பு. அரிதான பெயர் என்பதால் வாக்கு குறைவதில்லை. அந்தப் பெயர் என்ன அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் பார்க்கப்படுகிறது.

நாஞ்சிலான்

மாறன் சொல்கிற இரண்டு நிற மை நெஞ்சை உறுத்துகிறது. ஆனால் 1969-ஐயும் வைத்துப் பாருங்கள். நேசமணி 1968-ல் காலமானபின் வந்த இடைத்தேர்தலில் காமராஜர் நின்றார். அவர் விருதுநகர்க்காரர், 1967-ல் சொந்த ஊரில் தோற்றவர். எதிர்த்து நின்றவர் டாக்டர் மத்தியாஸ். பெயரை வைத்துத்தான் வாக்கு என்றால் கிறிஸ்தவ ஊர்கள் எங்கே போயிருக்க வேண்டும்? ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் காமராஜர் ஜெயித்தார்.

குழித்துறை மாறன்

அது காமராஜர். அதுவும் 1982-க்கு முன்னால். நான் சொல்வது இன்றைய கணக்கை.

தேரூர் டீச்சர்

பிள்ளைகள் ரெண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசித்தே ஆயுசைக் கழித்தவள், தேர்தல் வேலையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணில் யாருக்கு என்ன பெயர் இருக்கலாம் என்பதற்கே ஒரு காலத்தில் அனுமதி வேண்டியிருந்தது. 1809-ல் சாமித்தோப்பில், அப்போது அதற்கு சாஸ்தான்கோயில்விளை என்று பெயர், பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. 'முடிசூடும் பெருமாள்' என்று பெயர் வைத்தார்கள். முடி, பெருமாள் என்றெல்லாம் பெயர் வைக்க நீங்கள் யார் என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். பெயர் 'முத்துக்குட்டி' ஆனது. அந்த முத்துக்குட்டிதான் பின்னால் அய்யா வைகுண்டர். தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு பதிக்கு, அதாவது வழிபாட்டுத் தலத்துக்கு, வரச் சொன்னவர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயரில் 'முடி' இருந்ததற்காகவே பறிக்கப்பட்டது என்றால், ஒரு பெயருக்கு எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அதே காலத்தில்தான் 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மைலாடிக்கு வருகிறார். அவரை வரவழைக்கக் காரணமாக இருந்தவர் வேதமாணிக்கம், அவருடைய பழைய பெயர் மகாராசன். அப்புறம் லண்டன் மிஷன் பள்ளிகள் வந்தன. நேசமணி, ஞானசிகாமணி, சத்தியநேசன், தேவசகாயம் என்று தமிழிலேயே புதுப் பெயர்கள் முளைத்தன. கூடவே பைபிளிலிருந்தும் துரைமார்களிடமிருந்தும் பெயர்கள் வந்தன. முடிசூடும் பெருமாள் என்று வைத்தால் தடுக்கலாம். சாமுவேல் என்றோ வில்சன் என்றோ வைத்தால் எந்தச் சாதிக்காரன் வந்து அது எங்கள் பெயர் என்று சொல்ல முடியும்? இங்கே வேற்றுநாட்டுப் பெயர்கள் இவ்வளவு பெருகியதற்கு பக்தி ஒரு காரணம். நிமிர்ந்து நிற்க ஒரு பெயர் வேண்டியிருந்தது இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன். வெளியூர்க்காரர்கள் 'ஏன் வெள்ளைக்காரன் பெயர்?' என்று கேட்கும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் தேவசகாயம். நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டுத்தான் அறிவித்தார்கள். அதற்காக இங்கிருந்தே வேண்டுகோள் போயிருந்தது. அவர் அரசியல் தலைவர் இல்லை, ஆனால் நம்ம மாவட்டம் ஒரு பெயருக்குள் என்னவெல்லாம் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி தேர்தல் வேலைக்கு வருகிறேன். சாவடிக்கு வருகிற பாட்டிமார்களில் பலருக்கு வேட்பாளர் பெயர் தெரியாது. கையா, இலையா, சூரியனா, பூவா என்றுதான் மனசில் இருக்கும். 2015-லிருந்து இயந்திரத்தில் வேட்பாளர் படமும் வருகிறது. அதற்கப்புறம் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் இன்னும் குறைந்துவிட்டார்கள். பெயர் வேலை செய்வது சாவடிக்குள் இல்லை, பிரச்சாரத்தில்தான்.

தக்கலைத் தமிழன்

டீச்சரம்மா, முடிசூடும் பெருமாள் விஷயத்தை இந்த இழையின் முதல் பதிவாகவே வைத்திருக்க வேண்டும்.

சாவடிக்குள் பெயருக்கு வேலை இல்லை என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பக்கத்தில் கேரளாவையே பாருங்கள். 2004-ல் ஆலப்புழையில் வி.எம். சுதீரன் 1,009 வாக்கில் தோற்றார். அதே தேர்தலில் வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சை வாங்கியது 8,282. 2016-ல் மஞ்சேஸ்வரத்தில் கே. சுரேந்திரன் 89 வாக்கில் தோற்றபோது கே. சுந்தரா என்பவர் 467 வாங்கினார். நம்ம பக்கத்தில் 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்தை எதிர்த்து அதே இனிஷியலோடு இன்னும் சில பன்னீர்செல்வங்களை நிறுத்தினார்கள்.

இப்போது சொல்லுங்கள், பெல்லார்மினுக்கு எதிராக இன்னொரு பெல்லார்மினைத் தேடிப் பிடிக்க முடியுமா? கஷ்டம். தாரகை கத்பர்டுக்கு? முடியவே முடியாது. எல்லோருக்கும் இருக்கிற பெயரைத்தான் இப்படிக் களவாட முடியும். அரிதான பெயர் வேட்பாளருக்கு ஒரு காவல். பெயர் அச்சாகும் வரிசையும் ஒரு காரியம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், அப்புறம் பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், அப்புறம் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகர வரிசை. அ, ஆ-வில் தொடங்கும் பெயர் மேலே வரும். ஹெலன், ஜாண் எல்லாம் கிரந்த எழுத்து என்பதால் கீழே போகும்.

பூதப்பாண்டிக்காரன்

எங்கள் ஊர்க்காரரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தோழர் ஜீவா 1907-ல் பூதப்பாண்டியில் பிறந்தபோது வைத்த பெயர் சொரிமுத்து. குலதெய்வம் சொரிமுத்து அய்யனார் பெயர். பின்னால் ஜீவானந்தம் ஆனார். மறைமலை அடிகளின் தனித்தமிழில் ஈர்க்கப்பட்டு உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டார், மறுபடி ஜீவானந்தத்துக்கே திரும்பினார். கடைசியில் ஜனங்கள் 'ஜீவா' என்ற இரண்டு எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். 1952-ல் வண்ணாரப்பேட்டையில் ஜெயித்தவரை அங்கே உள்ள தொழிலாளிகள் எந்த ஊர்ப் பெயர் என்று யோசித்து வாக்குப் போடவில்லை.

திராவிட இயக்கத்திலும் இதுதான். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார், தட்சிணாமூர்த்தி கருணாநிதி ஆனார். இன்று அந்தப் பெயர்கள் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டன. ஆனால் முதன்முதலில் 'நெடுஞ்செழியன்' என்று மேடையில் அறிவித்தபோது கேட்டவர்களுக்கு அது எவ்வளவு புதுசாக இருந்திருக்கும்! தொல். திருமாவளவன் ஒரு படி மேலே போய், ராமசாமி என்ற தன் அப்பாவின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றி அதன் முதல் எழுத்துகளைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். பெயரை வைத்து ஒருவரை எடை போடுகிற சமூகத்தில், பெயரை மாற்றுவது ஒரு அரசியல் வேலை என்று இவர்கள் எல்லாருமே புரிந்துவைத்திருந்தார்கள்.

ஸ்டாலின் பெயர் தனி. 1953 மார்ச் 1-ல் பிறந்தார், மார்ச் 5-ல் சோவியத் தலைவர் இறந்தார், இரங்கல் கூட்டத்தில் கருணாநிதி மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார். ஐரோப்பாவில் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் மாறும். நம்ம மாவட்டத்தில் ஸ்டாலின் என்று கொல்லனும் இருப்பார், பால்காரரும் இருப்பார், உபதேசியாரும் இருப்பார்.

குழித்துறை மாறன்

ஜீவா அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னது நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு பாருங்கள். தானே தேர்ந்தெடுத்துச் சூட்டிக்கொண்ட பெயர் பெருமை. எதிராளி தோண்டி எடுத்து வெளியே போடுகிற பெயர் ஆயுதம். 2017-ல் ஒரு படத்தில் ஜி.எஸ்.டி. பற்றிய வசனம் வந்தபோது பாரதிய ஜனதாவின் ஹெச். ராஜா அந்த நடிகரை 'ஜோசப் விஜய்' என்று அழைத்தார். அந்தப் பெயரில் பொய் எதுவும் இல்லை, அவருடைய பெயர்தான். ஆனால் அன்று வரை யாரும் அப்படிக் கூப்பிடாத பெயரைத் திடீரென்று இழுத்து வந்ததில் நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது. அவர் பின்வாங்கவில்லை, சி. ஜோசப் விஜய் என்று அச்சடித்த தாளிலேயே நன்றி அறிக்கை விட்டார். இன்று அவர் ஒரு கட்சித் தலைவர்.

சோனியாவை 'அன்டோனியா மைனோ' என்று சொல்வதும் இதே வழிதான். அமெரிக்காவில் 'பராக் ஹுசைன் ஒபாமா' என்று நடுப்பெயரை அழுத்திச் சொன்னதும் இதேதான். ஊர் மாறினாலும் முறை ஒன்று. பழகிப்போன பெயரிலிருந்து பழகாத துண்டை வெட்டி எடுத்து மேடையில் காட்டுவது.

டொராண்டோ குமரிக்காரி

மாறன் அண்ணா சொன்னதற்கு இங்கிருந்து சேர்க்கிறேன். 2008 பிப்ரவரியில் சின்சினாட்டியில் ஜான் மெக்கெய்ன் கூட்டத்தில் ஒரு வானொலிக்காரர் அப்படித்தான் ஒபாமாவின் முழுப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மெக்கெய்ன் அன்றைக்கே பத்திரிகைக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். அவர் எதிர்க்கட்சிக்காரர். அந்த மரியாதையை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஒபாமாவும் 2004-லேயே மாநாட்டு மேடையில் வேடிக்கையான பெயர் கொண்ட ஒல்லிப் பையன் என்று தன்னைப் பற்றிச் சொன்னவர். யாரோ சொல்லும் முன்னால் தானே சொல்லிவிட்டார்.

2020 அக்டோபரில் ஜார்ஜியாவில் டேவிட் பெர்டியூ என்ற செனட்டர் கமலா ஹாரிஸின் பெயரை வேண்டுமென்றே மூன்று நாலு விதமாகக் குழப்பிச் சொல்லிவிட்டு 'என்னவோ' என்று முடித்தார். அவரும் கமலாவும் ஒரே செனட்டில் மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள். கமலா என்று சொல்ல வராதா? துளசேந்திரபுரத்தில் வேரிருக்கிற ஒரு பெயர், நம்ம வீட்டுப் பிள்ளையின் பெயர், அப்படிச் சிரிப்புக்கு ஆனதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. 2025 நியூயார்க் மேயர் தேர்தல் விவாதத்தில் சோரான் மம்தானி தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, எதிரில் நின்ற குவோமோவைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளச் சொன்னார். என் மகள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வகுப்பில் தன் பெயரைச் சுருக்கிச் சொன்ன ஆசிரியரிடம் முழுப் பெயரையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் பெயர் ஜெபமலர்.

எல்லாரும் இப்படி நிற்பதில்லை. லூசியானாவில் பியூஷ் ஜிண்டால் 'பாபி' ஆகித்தான் கவர்னர் ஆனார். நிக்கி ஹேலியின் முதல் பெயர் நிம்ரதா. விவேக் ராமசாமி தன் பெயரை 'கேக்' என்பதோடு எதுகை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஓட்டு கேட்கப் போகிறவருக்கு அந்த நெருக்கடி இருக்கும். இங்கே டொராண்டோவின் ஸ்கார்பரோவில் 2015-லிருந்து கேரி ஆனந்தசங்கரி எம்.பி.யாக இருக்கிறார். முன்பாதி இங்கத்தியவர்களுக்காக, பின்பாதி நமக்காக. வெள்ளைக்கார வாக்காளர்களும் 'ஆனந்தசங்கரி' என்று தட்டாமல் சொல்கிறார்கள்.

ஆய்வும் இருக்கிறது. 2012-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் சைமன் லாஹாமும் அவரோடு வேலை செய்த இருவரும், வாயில் எளிதாக வருகிற பெயர் உள்ளவர்களை மக்கள் கூடுதலாக விரும்புவதாகக் கண்டுபிடித்தார்கள். மாதிரி வாக்குச்சீட்டிலும் சோதித்தார்கள். ஆனால் அங்கே வாக்களித்தவர்களுக்கு அந்த வேட்பாளரைப் பற்றி வேறெதுவும் அதிகம் தெரியாது. டென்னிஸுக்கு ஆறு முறை வாக்களித்தவர்களுக்கு டென்னிஸைத் தெரியும். அங்கேதான் எல்லாம் மாறுகிறது.

இடலாக்குடி நண்பன்

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாஞ்சிலான் முதல் பதிவில் போட்ட பட்டியலை மறுபடி பாருங்கள். 1951-லிருந்து இந்தத் தொகுதியில் ஒரு முஸ்லிம் பெயர் வென்றதில்லை. இடலாக்குடி, திருவிதாங்கோடு, தக்கலை, குளச்சல் என்று எங்கள் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறோம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் எங்கள் தெருக்காரர். வள்ளலார் பாடல்களுக்காக மேடையேறி வாதாடிய மனுஷன். கதர் கட்டியவர். அந்தப் பெயரிலேயே ஷேக்கும் இருக்கிறது, தம்பியும் இருக்கிறது.

நாலு சதவீதம் என்பதால் சீட்டு கிடைக்காது என்று அரசியல்காரர்கள் சொல்லட்டும். ஆனால் கத்பர்டும் டென்னிஸும் இங்கே இயல்பாகிவிட்ட பெயர்கள் என்று நாம் பெருமைப்படும்போது, ஒரு அப்துல் காதர் நின்றால் இந்த மாவட்டம் எப்படிக் கேட்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். 'யாருக்கு ஓட்டுப் போட்டாலும் உங்க ஆளு வரப் போறதில்ல' என்று என் மகனிடம் கூடப் படிக்கிற பையன் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறான். அவன் கெட்ட பையன் இல்லை. ஆனால் அது வலித்தது.

தேரூர் டீச்சர்

தம்பி, இதை நீங்கள் எழுதியது நல்லது. என் வகுப்பில் முகமது, ஹுசைன், பாத்திமா எல்லாரும் வரிசையாக 'உள்ளேன் அம்மா' சொன்னவர்கள்தான். பட்டியலைப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாவலரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம், பரிசும் கொடுக்கிறோம். வேட்பாளர் பட்டியல் வரும்போது மட்டும் அந்தப் பெயர்கள் நினைவுக்கு வருவதில்லை.

நாஞ்சிலான்

இடலாக்குடி நண்பரே, நன்றி. என் மதுரை நண்பருக்குக் காட்ட இந்த இழையை அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று தோன்றுகிறது. பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாதபடி நம்ம மாவட்டமே கலைத்துப் போட்டிருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சி எம்.பி.யாக இருந்த பெல்லார்மினுக்கு கத்தோலிக்கக் கர்தினாலின் பெயர். 2021-ல் நாகர்கோவிலில் பாரதிய ஜனதா சார்பில் ஜெயித்தவர் எம்.ஆர். காந்தி. காங்கிரஸ் பெருந்தலைவர்களில் ஒருவரான குமரி அனந்தனின் மகள் தமிழிசை பாரதிய ஜனதாவின் மாநிலத் தலைவராகி ஆளுநரும் ஆனார். பெயரைப் பார்த்துக் கட்சி சொல்லு என்றால் வெளியூர்க்காரர் எவரும் தோற்றுவிடுவார்.

முட்டம் கடலோடி

மாறன் மக்கா, உன் இரண்டு நிற மைதான் எனக்கு ராத்திரி முழுக்க ஞாபகம். அதை மாற்ற ஒரு வழி எங்கள் ஊரில் செய்து பார்க்கிறோம், சொல்கிறேன்.

போன தேர்தலில் ஒருவர் மேடையில் எதிராளியின் ஞானஸ்நானப் பெயரை நீட்டி முழக்கிச் சொன்னார். கீழே இருந்த எங்கள் ஆட்கள் எழுந்து, "பேரு கிடக்கட்டும், தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாசல்ல மணல் மூடி வள்ளம் கவிழுதே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. அடுத்து வந்த வேட்பாளரிடமும் அதே கேள்வி, அவர் எங்கள் மதத்துப் பெயர்க்காரர்தான். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரையும் ஒரே மாதிரி அனுப்பி வைத்தோம்.

இந்த முறை கேள்விகளை எழுதியே வைத்திருக்கிறோம். ஒக்கி புயலில் போனவர்களின் குடும்பங்களுக்கு வேலை, துறைமுக வாசல், கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு. உங்கள் பக்கத்தில் ரப்பர் விலை, வாழை, குளம் தூர் வாருவது இருக்கும். நீங்களும் எழுதி இங்கே போடுங்கள், சேர்த்து ஒரே தாளாக அடித்து எல்லா வேட்பாளர்களுக்கும் கொடுக்கலாம். இடலாக்குடித் தம்பி, உங்கள் தெருக் கேள்விகளையும் அனுப்புங்கள். தாளில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.